பிசா தரவரிசையும் நமது தோட்டப் பாடசாலைகளும்: எதை எதனோடு ஒப்பிடுவது?

தலவாக்கலை ஆசிரியை (கேள்வி)

அண்மையில் நான் கலந்துகொண்ட ஆசிரியர் கருத்தரங்கு ஒன்றில், பல நாடுகளின் 15 வயது மாணவரை ஒப்பிடும் சர்வதேசச் சோதனையான பிசாவின் 2022 தரவரிசை திரையில் காட்டப்பட்டது. கணிதத்தில் சிங்கப்பூர் 575 புள்ளிகளுடன் முதலிடம்; அதை நடத்தும் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பு) நாடுகளின் சராசரி 472. "அவர்களால் முடியுமென்றால் நம் பிள்ளைகளால் ஏன் முடியாது?" என்று வளவாளர் கேட்டார். அந்தச் சோதனையில் இலங்கை பங்கேற்கவே இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. என் வகுப்பு மாணவி ஒருத்தி, லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின்) கூரை ஒழுகுவதால், கொப்பிகளை உரப்பையில் சுற்றி உத்திரத்தில் கட்டித் தொங்கவிடுகிறாள். அவளைப் போன்றவர்களுக்கு ஒரு நாட்டின் கல்வி முறைமை நியாயம் செய்கிறதா என்பதை இத்தகைய சராசரி காட்டுமா?

ஹட்டன்வாசி

சராசரி மட்டும் காட்டாது. ஆனால் பிசா சராசரியோடு நின்றுவிடுவதில்லை. சோதனை எழுதும் 15 வயதினரிடம் பெற்றோரின் கல்வி, தொழில், வீட்டிலுள்ள பொருட்கள், புத்தகங்கள் ஆகியவை பற்றியும் கேட்டு, அவற்றைக் கொண்டு சமூகப் பொருளாதாரச் சுட்டி ஒன்றைக் கணிக்கிறார்கள். 2022இல் ஓஇசிடி நாடுகளில் வசதி மிகுந்த கால்பங்கு மாணவருக்கும் வசதி மிகக் குறைந்த கால்பங்கினருக்கும் இடையில் கணிதத்தில் சராசரியாக 93 புள்ளி இடைவெளி இருந்தது. மாணவரிடையே காணப்பட்ட புள்ளி வேறுபாட்டில் ஏறத்தாழ 15 சதவீதத்தைக் குடும்பப் பின்னணியோடு தொடர்புபடுத்த முடிந்தது. வளவாளர் திரையில் காட்டியிருக்க வேண்டியது இந்த அட்டவணையைத்தான்.

ஓய்வுபெற்ற அதிபர், பதுளை

மேலுள்ள பதிலோடு உடன்படுகிறேன், ஆனால் இடைவெளியைப் பார்ப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சோதனை மண்டபத்துக்குள் வந்தவர்கள் யார்? பாடசாலையில், அதுவும் தரம் 7 அல்லது அதற்கு மேல் படிக்கும் 15 வயதினர் மட்டுமே பிசாவில் சேர்க்கப்படுவர். 2012இல் வியட்நாம் கணிதத்தில் 511 புள்ளி பெற்று ஓஇசிடி சராசரியான 494ஐத் தாண்டியபோது உலகமே வியந்தது. ஆனால் அந்நாட்டின் 15 வயதினரில் ஏறத்தாழ 56 சதவீதத்தினரையே அந்த முடிவு பிரதிநிதித்துவம் செய்தது. எஞ்சியோரில் பெரும்பாலோர் ஏற்கெனவே பாடசாலையை விட்டு விலகியவர்கள், அல்லது கீழ் வகுப்புகளில் பின்தங்கியவர்கள். வியட்நாமின் சாதனையை இதனால் நான் குறைக்கவில்லை, அங்கு ஏழைப் பிள்ளைகளும் நன்றாகவே செய்தார்கள்.

இந்தக் கணக்கு நமக்கும் புதிதல்ல. நான் இளம் ஆசிரியனாக இருந்த பாடசாலையில், தரம் 11இல் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் சித்தி வீதத்தை உயர்த்துவதற்காக, தவணைப் பரீட்சையில் பின்தங்கிய பிள்ளைகளின் பெற்றோரை அழைத்து, "அடுத்த வருடம் எழுதட்டும்" என்று சொல்லி அனுப்பினோம். அடுத்த வருடம் அவர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை. சிலர் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். சித்தி வீதமோ உயர்ந்தது, பாராட்டும் கிடைத்தது.

கொட்டகலைப் பெற்றோர்

நாட்டுக்கு நாடு ஒப்பிடுவதில் உள்ள இதே சிக்கல் மாவட்டத்துக்குள்ளும் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் தகுதி அடிப்படையிலும் 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று ஒதுக்குகிறார்கள். நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய பட்டியலில் உள்ளன. ஆனால் மாவட்டம் என்ற அலகு, நகரத்து 1ஏபி பாடசாலையின் (உயர்தர விஞ்ஞான வகுப்பும் உள்ள பாடசாலையின்) விஞ்ஞானப் பிரிவு மாணவரையும் உயர்தர வகுப்பே இல்லாத தோட்டப் பாடசாலைப் பிள்ளையையும் ஒரே பட்டியலில்தான் எண்ணுகிறது. அனுமதிக்குத் தேவையான குறைந்தபட்சப் புள்ளி, அதாவது வெட்டுப்புள்ளி, குறைந்தால் அதன் பயன் முதலில் யாரைச் சேரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

தலவாக்கலை ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. அதிபர் ஐயா சொன்ன கணக்கை எங்கள் பாடசாலையில் போட்டுப் பார்க்கலாமென இருக்கிறேன்: தரம் 6இல் சேர்ந்த பெயர்கள் இடாப்பில் இருக்கின்றன, தரம் 11இல் பரீட்சைக்கு விண்ணப்பித்த பெயர்களும் இருக்கின்றன. இடையில் வேறு பாடசாலைக்கு மாறியவர்களையும் முற்றாக விலகியவர்களையும் எப்படிப் பிரித்தறிவது என்று, செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்ல முடியுமா?