மறுமொழி: "உயிர்க்கிடைப்பு" வேண்டாம், "குருதிச்சேர்வு" எப்படி?

அனைவருக்கும் வணக்கம்.

கலைச்சொல் தேடும் இந்த இழையில் பயோஅவைலபிலிட்டிக்கு (உட்கொண்ட சத்தோ மருந்தோ எவ்வளவு இரத்தத்துக்குப் போய்ச் சேர்கிறது என்ற அளவுக்கு) "உயிர்க்கிடைப்பு" என்று முடிவாகிவிடும் போலிருக்கிறது. அதற்குள் என் மறுப்பையும் பதிந்துவிடுகிறேன்.

> பயோ என்றால் உயிர், அவைலபிலிட்டி என்றால் கிடைப்பு. நேர்ப் பெயர்ப்பு, குழப்பமே இல்லை.

குழப்பம் அங்கேதான் ஐயா. சத்துணவுக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். "தேநீரில் உள்ள கேட்டக்கின்களின் உயிர்க்கிடைப்பு குறைவு" என்று (கேட்டக்கின் தேயிலையில் உள்ள ஒரு வகைச் சேர்மம்) எழுதி அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "ஏண்டா, டீ குடிச்சா உயிருக்கு ஆபத்தா?" என்றார். ஒரு நாளைக்கு நாலு டீ குடிப்பவர். அந்த வரியை அடித்துவிட்டேன்.

சொல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வெங்காயத்தில் குவெர்செட்டின் என்ற தாவரச் சேர்மம் பெரும்பாலும் குளுக்கோஸோடு பிணைந்தே இருக்கிறது. சிறுகுடல் சுவரில் பால் சர்க்கரையைப் பிளக்கும் லாக்டேஸ் நொதி இருக்கிறதல்லவா, அதே நொதிதான் இந்தக் குளுக்கோஸையும் வெட்டிவிடுகிறது. சர்க்கரை கழன்ற குவெர்செட்டின் குடல் செல்லுக்குள் நுழைகிறது. நுழைந்தவுடன் அதன்மேல் வேறு சுமை ஏறுகிறது: குடல் செல்லும் அடுத்துக் கல்லீரலும் குளுக்குரோனிக் அமிலத்தையோ சல்ஃபேட்டையோ மெத்தில் தொகுதியையோ அதில் மாட்டிவிடுகின்றன. சிறுநீரிலோ பித்தநீரிலோ வெளியே அனுப்புவதற்கான ஏற்பாடு அது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் அளவு உச்சத்துக்குப் போய்விடும். ஆனால் அங்கே குவெர்செட்டினைப் பழைய உருவத்தில் தேடினால் ஏறக்குறைய ஒன்றும் அகப்படாது.

இதே குவெர்செட்டினோடு ருட்டினோஸ் என்ற வேறு சர்க்கரை சேர்ந்திருந்தால் அதன் பெயர் ரூட்டின். சிறுகுடல் நொதியால் அதை வெட்ட முடியாது. பெருங்குடல் வரை போய், அங்குள்ள நுண்ணுயிர்கள் கைவைத்தால்தான் உண்டு. உச்ச அளவுக்குப் பல மணி நேரம் ஆகும்.

இப்போது வரையறைக்கு வருகிறேன். மருந்தியலில் பயோஅவைலபிலிட்டி என்றால் உருமாறாமல் பொது இரத்த ஓட்டத்தை அடையும் பங்கு. அந்தக் கணக்கில் வெங்காயக் குவெர்செட்டின் கிட்டத்தட்டச் சுழியம். சத்துணவியலார் உருமாறியதையும் சேர்த்து எண்ணுவார்கள். அவர்களுக்கு அது பாலிஃபீனால்களில் (குவெர்செட்டின், கேட்டக்கின் எல்லாம் சேர்ந்த தாவரச் சேர்மக் குடும்பத்தில்) நன்றாகவே சேர்கிற ஒன்று. இரண்டு துறைக்கும் பொதுவாக நிற்பது "இரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்ததா" என்ற கேள்விதான். அதனால்தான் "குருதிச்சேர்வு" என்கிறேன். மருந்தியலார் "உருமாறாக் குருதிச்சேர்வு" என்று அடை கொடுத்துக்கொள்ளலாம்.

> பள்ளிப் பாடநூலில் "தன்மயமாதல்" இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

அக்கா, தன்மயமாதல் என்றால் உண்டது உடம்பாகவே ஆகிவிடுவது. பருப்பின் புரதத்துக்கு அது சரி. பாலிஃபீனாலை உடம்பு தன்னதாக்கிக்கொள்வதில்லை. வந்த விருந்தாளியின் தோளில் பையை மாட்டி வாசல்வரை கொண்டுவிடுகிறது. (பாலிஃபீனாலையே "பல்ஃபீனால்" ஆக்கலாம் என்றார் இன்னொருவர். பற்பொடி ஞாபகம் வருகிறது. ஒலிபெயர்ப்பே இருக்கட்டும்.)

மெட்டபொலைட்டுக்கு, அதாவது ஒரு சேர்மம் உடம்புக்குள் உருமாறி உண்டாகும் பொருளுக்கு, "வளர்சிதை விளைபொருள்" சரிதான், ஆனால் ஒரு பத்தியில் ஏழு முறை வந்தால் மூச்சு முட்டுகிறது. முதல்நூல், வழிநூல் என்று நம் இலக்கண மரபு பிரிக்கிறதே, அதைப் பார்த்து "வழிப்பொருள்" என்று வைத்துக்கொண்டேன். அப்படியானால் மூலச் சேர்மம் "முதற்பொருளா" என்று கேட்பீர்கள். அகப்பொருள் இலக்கணத்தில் அது நிலமும் பொழுதும், திணைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். "தாய்ப்பொருள்" போதும். மாதுளையின் எல்லாஜிடானின் தாய்ப்பொருள், குடல் நுண்ணுயிர்கள் அதிலிருந்து ஆக்கும் யூரோலித்தின் வழிப்பொருள். அந்த நுண்ணுயிர் வகை இல்லாதவர்களுக்கு எத்தனை மாதுளை தின்றாலும் யூரோலித்தின் கிடையாது. ஒரே பழம், ஆளுக்கொரு வழிப்பொருள்.

சொற்களை ஓட்டிப் பார்க்க ஒரு வரி: "1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் மஞ்சளின் 2 கிராம் குர்குமினோடு மிளகின் 20 மில்லிகிராம் பைப்பரினையும் கொடுத்தபோது குர்குமினின் குருதிச்சேர்வு 20 மடங்கு உயர்ந்தது." குளுக்குரோனிக் அமிலத்தை மாட்டும் வேலையைப் பைப்பரின் மந்தப்படுத்துகிறது என்பது விளக்கம். அம்மாவிடம் வாசித்தேன். "அதான் மஞ்சள் பால்ல மிளகு போடறோம்" என்றார். உயிருக்கு ஆபத்தா என்று கேட்கவில்லை.

"போய்ச் சேர்ந்துவிட்டார்" என்ற வழக்கை நினைத்து யாராவது சிரிப்பீர்கள் என்பதும் தெரியும். "உயிர்க்கிடைப்பு" அளவுக்கு அது மோசமில்லை.

இன்னொன்று பாக்கி. உணவின் பிடியிலிருந்து விடுபட்டு, உறிஞ்சப்படத் தயாராகக் குடலுக்குள் நிற்கும் பங்குக்குப் பயோஅக்ஸஸிபிலிட்டி என்று தனிப்பெயர் உண்டு. "குடல்விடுப்பு" என்று எழுதிப் பார்த்தேன், குடலுக்கு லீவு விட்டதுபோல் இருக்கிறது. வேறு யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். அந்த அத்தியாயம் அப்படியே நிற்கிறது.