பம்பை நிறுத்தினால் அதிர்வெண் திரும்ப ஏறுகிறது, ஒட்டிய துகள் எங்கே போகிறது?

கேள்வி:
வணக்கம். காற்றில் மிதக்கும் நானோ துகள்களின் எடையை அளக்க ஒரு சிலிக்கான் கேன்டிலீவர் (ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்டு, மறுமுனை ஆடும் மெல்லிய தகடு) சென்சாரோடு இரண்டு வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். தகட்டின் நீளம் 1000 மைக்ரோமீட்டர், அகலம் 170, தடிமன் 15. ஒத்ததிர்வு (தகடு இயல்பாக ஆடும் அதிர்வெண்) 20.6 கிலோஹெர்ட்ஸ் அளவில் வருகிறது; துகள் ஒட்டி எடை கூடினால் அது இறங்கும். மெழுகுவர்த்திப் புகையைப் பெட்டிக்குள் பம்பால் இழுத்து, தகட்டுக்கு எதிரே உள்ள மின்முனைக்கு உயர் மின்னழுத்தம் கொடுத்துத் துகள்களைப் படிய வைக்கிறேன். 15 நிமிடத்தில் 3 ஹெர்ட்ஸ் இறங்குகிறது. ஆனால் எல்லாவற்றையும் நிறுத்தினால் பத்தே நிமிடத்தில் 2.2 ஹெர்ட்ஸ் திரும்ப ஏறிவிடுகிறது. துகள் உதிர்ந்துவிடுகிறதா? எந்த எண்ணை நம்புவது என்றே தெரியவில்லை.

பதில் 1:
உதிர வாய்ப்பு ரொம்பக் குறைவு. அந்த அளவுத் துகளுக்கு ஒட்டும் விசை அதன் எடையைவிடப் பல மடங்கு பெரியது, தகடு ஆடுகிற ஆட்டத்தில் உதறிவிட முடியாது. ஒன்று பாருங்கள்: மின்னழுத்தத்தை மட்டும் போட்டு எடுக்கும்போது அதிர்வெண் சட்டென்று குதிக்கிறதா? மின்புலம் தகட்டின் விறைப்பைக் கொஞ்சம் தளர்த்தும், அது உடனே தெரியும். மெதுவாக நகர்ந்தால் காரணம் வேறு.

கேட்டவர்:
பார்த்தேன். சட்டென்று 0.1 ஹெர்ட்ஸ் இறங்குகிறது, எடுத்ததும் திரும்புகிறது. மீதியெல்லாம் மெதுவாகத்தான்.

பதில் 2:
அப்படியென்றால் எனக்குச் சந்தேகம் மெழுகுவர்த்தி மேல்தான். சுடர் தருவது புகை மட்டுமில்லை, சூடும் நீராவியும் கூடவே வருகின்றன. சிலிக்கானின் ஒத்ததிர்வு ஒரு டிகிரி ஏறினால் பத்து லட்சத்தில் 30 பங்கு குறையும், உங்கள் தகட்டில் அது 0.6 ஹெர்ட்ஸ். காற்று 3 டிகிரி சூடானாலே கிட்டத்தட்ட 1.9 போய்விட்டது! ஈரம் தனி. சிலிக்கான் மேல் இயல்பாகவே ஆக்சைடு படலம் இருக்கும், அதில் நீர் நன்றாக ஒட்டும். ஒரு மூலக்கூறு தடிமனுக்கு இரண்டு பக்கமும் நீர் படிந்தால் 0.1 நானோகிராம் வரும், கிட்டத்தட்ட 0.2 ஹெர்ட்ஸ். காற்று ஆறிக் காய்ந்ததும் இரண்டும் போய்விடும், நீங்கள் பார்ப்பதும் அதுவேதான். இதை ஊகமாக விடாதீர்கள். புகை வரும் குழாயில் ஹெப்பா வடிகட்டி மாட்டி, மற்றதெல்லாம் அப்படியே வைத்து ஓட்டுங்கள். துகள் நின்றுவிடும், சூடும் ஈரமும் பெரும்பாலும் கடந்து வரும். பெட்டிக்குள் ஒரு வெப்பமானியும் வையுங்கள்.

கேட்டவர்:
செய்துவிட்டேன், நன்றி நன்றி! வடிகட்டியோடு 2.2 ஹெர்ட்ஸ் இறங்கி, நிறுத்தியதும் முழுசாகத் திரும்பியது. வெப்பநிலை 3 டிகிரி ஏறியிருந்தது. அப்படியானால் முதலில் இறங்கிய 3-இல் இந்த 2.2 போக மீதி 0.8 ஹெர்ட்ஸ் மட்டும்தான் துகளா? அதை நானோகிராமாக எப்படி மாற்றுவது?

பதில் 2:
இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். தகட்டின் நுனியில் விழுந்த துகளுக்கும் அடிப்பக்கம் விழுந்ததற்கும் ஒரே பலன் இல்லை. நுனியில் என்றால் ஒரு நானோகிராமுக்கு சுமார் 7 ஹெர்ட்ஸ் இறங்கும். நீளம் முழுக்கச் சமமாகப் படிந்தால் 1.7 தான். பிடிமானத்தை ஒட்டி விழுந்தது அதிர்வெண்ணில் தெரியவே தெரியாது. ஆகவே உங்கள் 0.8 ஹெர்ட்ஸ் 0.1 நானோகிராமாகவும் இருக்கலாம், கிட்டத்தட்ட 0.5 ஆகவும் இருக்கலாம். மைக்ரோஸ்கோப்பில் எங்கே படிந்திருக்கிறது என்று பார்க்காமல் எண்ணை எழுதாதீர்கள்.

பதில் 1:
அடுத்த தடவை சென்சாருக்கு முன்னால் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் குழாய் ஒன்று போடுங்கள், காற்று ஆறிவர நீளமான குழாயும் வேண்டும். இன்னொரு தகடு கையில் இருந்தால் அதே பெட்டியில், மின்முனை இல்லாத பக்கமாக வைத்து, இரண்டின் வித்தியாசத்தை எடுங்கள். சூடும் ஈரமும் இரண்டுக்கும் பொதுவாக வருவதால் பெரும்பகுதி கழிந்துவிடும்.

கேட்டவர்:
மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன், மின்முனைக்கு நேராக நுனிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கில்தான் கறுப்பாக இருக்கிறது, அடிப்பக்கம் சுத்தம். அப்போது உண்மை 0.2 நானோகிராமை ஒட்டித்தான் இருக்க வேண்டும். இரண்டாவது தகட்டை நாளை மாட்டுகிறேன்.