ஐஎஸ்ஓ 9001 தர மேலாண்மைத் தரநிலையின் புதுப் பதிப்பு: செம்பனை ஆலையில் இப்போதே எதைத் தொடங்குவது?

கேள்வி (சுங்கை சிப்புட்): ஆலையில் 2015 பதிப்புச் சான்றிதழ் இருக்கிறது. புதுப் பதிப்பு வருகிறது என்றதும் மேனேஜர் தரக் கையேடு முழுவதையும் மாற்றி எழுதச் சொல்கிறார். தேவையா?

பதில் 1: வேண்டாம் அண்ணே. 2015 பதிப்பே கையேட்டைக் கட்டாயமாகக் கேட்கவில்லை. முதலில் பழைய பாக்கியைத் தீருங்கள். 2024 பிப்ரவரித் திருத்தப்படி, பருவநிலை மாற்றம் உங்களுக்குப் பொருந்துமா என்று 4.1-ஆம் பிரிவில் தீர்மானித்திருக்க வேண்டும். "பொருந்தும்" என்று ஒற்றை வரி எழுதினால் ஆடிட்டர் விடமாட்டார். வெள்ளத்தில் லோரி நின்றால் குலை காத்துக் கிடக்கும். அடிபட்ட பழத்தில் லிப்பேஸ் நொதி எண்ணெயை உடைக்கும். எண்ணெயில் கட்டற்ற கொழுப்பமிலம் ஏறி 5 சதவிகிதத்தைத் தாண்டினால் விலையில் அடி. இதை அப்படியே 6.1-ஆம் பிரிவுக்கான இடர்ப் பதிவேட்டில் ஏற்றி, எந்த அளவில் யார் என்ன செய்வார் என்று போடுங்கள்.

பதில் 2: புதுப் பதிப்பின் வரைவில் இடரையும் வாய்ப்பையும் தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள். எக்செல் தாளில் இரண்டும் ஒரே கட்டத்தில் இருந்தால் பிரித்துவிடுங்கள். பிரிவு எண்களை மட்டும் இப்போது தொடாதீர்கள். போன முறை 2015 பதிப்புக்கு மாறுவதற்கு 2018 செப்டம்பர் வரை, 3 ஆண்டு கொடுத்தார்கள். கடைசி நேரத்தில் ஆடிட்டர் தேதி கிடைப்பதுதான் பாடு.

கேட்டவர்: குலை மேடை மண்டோருக்கு (மேற்பார்வையாளருக்கு) என்ன சொல்லிக் கொடுப்பது?

பதில் 1: தரக் கொள்கையை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். காய்க் குலையை யார் ஒதுக்குவது, எந்தப் பாரத்தில் (படிவத்தில்) எழுதுவது என்று அவருக்குத் தெரிந்தால் போதும்.