பழைய டிஜிட்டல் எஃப்.எம். டியூனர்: 0.1 தள்ளி வைத்தால்தான் தெளிவாகக் கேட்கிறது

கேள்வி:
ஹைஃபை செட்டுக்கான பழைய குவார்ட்ஸ் சிந்தசைசர் டியூனர். நிலையத்தின் சரியான எண்ணில் கரகரக்கிறது, 0.1 மெகாஹெர்ட்ஸ் ஏற்றினால் தெளிவாகிறது. ஸ்டீரியோ விளக்கு எரிவதே இல்லை. பிளக்கைப் பிடுங்கினால் பதிந்த நிலையங்கள் சில நிமிடத்தில் அழிந்துவிடுகின்றன. அலைவரிசையை நிர்ணயிக்கும் குவார்ட்ஸ் கிரிஸ்டலை மாற்ற வேண்டுமா? என்னிடம் மல்டிமீட்டர் மட்டும் உண்டு.

பதில் 1:
கிரிஸ்டலைத் தொடாதீர்கள். 100 மெகாஹெர்ட்ஸில் 0.1 என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. கிரிஸ்டல் அவ்வளவு தூரம் நகராது. நகர்ந்திருப்பது 10.7 மெகாஹெர்ட்ஸ் ஐ.எஃப். (இடைநிலை அலைவரிசை) பகுதியில், ஒலியைப் பிரித்தெடுக்கும் டிடெக்டரின் காயில். அதன் தகரக் கூட்டுக்குள் இருக்கும் சின்னக் கெப்பாசிட்டர் நாள்பட்டு மதிப்பு மாறிவிடும். இந்த வகை டியூனர்களில் அடிக்கடி பார்க்கும் கோளாறு இது.

அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடேறியதும், வலுவான ஒரு நிலையத்தைச் சரியான எண்ணில் வையுங்கள். எல்.ஏ.1235 ஐ.சி. இருந்தால் 7, 10ஆம் கால்களுக்கு இடையே டி.சி. வோல்ட் அளந்தபடி காயிலைத் திருப்பி 0க்குக் கொண்டுவாருங்கள். வேறு ஐ.சி. என்றால் சோதனைப் புள்ளி எதுவென்று சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். பிளாஸ்டிக் திருப்புளிதான் வேண்டும். இரும்பு முனை கிட்டே போனாலே காயிலின் மதிப்பு மாறும், எடுத்ததும் அளவு தாவிவிடும். தொடங்கும் முன் பழைய நிலையை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஒரு எச்சரிக்கை மட்டும். சில மாடல்களில் டிடெக்டருக்கு இரண்டு காயில் இருக்கும். ஒன்று 0 வைக்க, மற்றது டிஸ்டார்ஷனைக் குறைக்க. இரண்டாவதை டிஸ்டார்ஷன் மீட்டர் இல்லாமல் திருப்பினால் திரும்பச் சரிசெய்வது கடினம்.

ஸ்டீரியோ விளக்கும் இதனாலேயே எரியாமல் இருக்கலாம். டியூனிங் தள்ளியிருந்தால் பல டியூனர்கள் தாமாகவே மோனோவுக்கு மாறிவிடும். காயிலைச் சரிசெய்தும் எரியவில்லை என்றால் எம்.பி.எக்ஸ். பகுதியின் (ஸ்டீரியோவின் இரு பக்கங்களைப் பிரிப்பது) வி.சி.ஓ. பிரிசெட்டைப் பாருங்கள்; அதன் உள் அலையாக்கியின் அலைவரிசையை மாற்றும் சின்னத் திருகு அது. பல ஐ.சி.களில் அந்த அலைவரிசை 76 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ நிலையம் சேர்த்து அனுப்பும் 19 கிலோஹெர்ட்ஸ் பைலட் சிக்னலின் நான்கு மடங்கு. ஃப்ரீக்வென்சி கவுண்டர் வேண்டியதில்லை: ஸ்டீரியோ நிலையத்தை வைத்து, பிரிசெட்டை மெல்லத் திருப்பி, விளக்கு எரியும் இடத்தையும் அணையும் இடத்தையும் குறியுங்கள். எதிர்ப்பக்கமிருந்தும் அப்படியே செய்து, நடுவில் நிறுத்துங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மெமரிக்கு 1000 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் போட்டால் போதுமா?

பதில் 3:
போதாது. அங்கே இருப்பது பெரும்பாலும் 5.5 வோல்ட், 0.047 அல்லது 0.1 ஃபாரட் சூப்பர் கெப்பாசிட்டர், பட்டன் செல் மாதிரி இருக்கும். 0.047 என்பதே நீங்கள் சொன்னதைப்போல் 47 மடங்கு. அதே வோல்ட்டில் புதியது வாங்கி, துருவம் பார்த்துப் போடுங்கள். பழையது கசிந்திருந்தால் அடியில் செம்புத் தடம் பச்சை பூத்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, தடம் அறுந்திருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், பவர் பட்டனை அணைத்தாலும் டிரான்ஸ்ஃபார்மரின் மெயின்ஸ் பக்கம் உயிரோடுதான் இருக்கும்.

இன்னொன்று: டியூனரை ஆம்ப்ளிஃபயரின் பின்பக்க ஸ்விட்ச்டு சாக்கெட்டில் மாட்டியிருந்தால் நேரடி பிளக்குக்கு மாற்றுங்கள். ஆம்ப்ளிஃபயர் அணையும்போதெல்லாம் மெமரிக்கு வரும் மின்சாரமும் நின்றுபோகும்.