தொட்டியில் தூசி மிதந்துகொண்டே இருக்கிறது, படிகாரம் போடலாமா?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்):
இரண்டடி தொட்டி, மூன்று கோல்டுஃபிஷ், அடியில் கூழாங்கல், காற்று மோட்டாரில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர். போர் தண்ணீர். ஞாயிறுதோறும் தண்ணீரை முழுக்க இறைத்து, கல், ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குழாயடியில் அலசுகிறேன். அன்று பளிச்சென்று இருக்கும். இரண்டு நாளில் லைட் போட்டால் தூசி தூசியாக மிதக்கிறது, தண்ணீரும் லேசாக வெளுக்கிறது. அம்மா தேத்தாங்கொட்டை உரசிப் போடு என்கிறார். கடையில் படிகாரம் என்றார்கள். மீனுக்கு ஆகுமா?

பதில் (லாஸ்பேட்டை, புதுச்சேரி):
படிகாரம் வேண்டாம். தூசியைத் திரட்டி அடியில் உட்கார வைக்கும், ஆனால் அழுக்கு தொட்டிக்குள்ளேயே கிடந்து அழுகும். தண்ணீரின் பி.எச். வேறு இறங்கும், அதாவது அமிலத்தன்மை கூடும். தேத்தாங்கொட்டையும் படியத்தான் வைக்கும். குடத்தில் தெளிந்ததை மேலாக மொண்டுகொள்ளலாம். கோல்டுஃபிஷ் அடியைக் கிளறாமல் இருக்குமா?

தொட்டித் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் எடுத்து இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். அடியில் படிந்தால் தூசி. பால் கலந்த மாதிரியே நின்றால் பாக்டீரியா. பச்சையாக இருந்தால் பாசி.

கேட்டவர்:
பார்த்தேன் அண்ணா. அடியில் பழுப்பாகப் படிந்திருக்கிறது. மேலேயும் முழுக்கத் தெளியவில்லை.

பதில் (லாஸ்பேட்டை):
அப்போ இரண்டும் இருக்கிறது தம்பி. வெளுப்புக்குக் காரணம் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கழுவல்தான் என்பேன். மீன் கழிவின் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழ்கிறது. புதுத் தொட்டியில் அது நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். நீங்கள் வாராவாரம் அதைத் துடைத்துவிடுகிறீர்கள். அது இல்லாத தொட்டியில், தண்ணீரில் மிதக்கிற வேறு பாக்டீரியா பெருகி வெளுக்கிறது. இனி கால்வாசித் தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். அதையும் சைஃபன் குழாயைக் கல்லுக்குள் விட்டு, அடி அழுக்கோடு சேர்த்து உறிஞ்சி எடுங்கள். அந்த அழுக்குத் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழிந்தால் போதும்.

தூசிக்கு உங்கள் ஃபில்டர் பத்தாது. காற்றுக் குமிழி இழுக்கிற வேகத்தில் நுண்ணிய தூசி வந்து சேராது. தொட்டி ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் சுமார் 56 லிட்டர். மணிக்கு 300 லிட்டராவது தள்ளுகிற பவர் ஃபில்டர் ஒன்று கூடவே போடுங்கள். தண்ணீர் முதலில் ஸ்பாஞ்ச் வழியாகவும் அப்புறம் வெள்ளைப் பஞ்சு வழியாகவும் போக வேண்டும். தூசியைப் பிடிப்பது அந்தப் பஞ்சுதான். அடைத்துக்கொண்டால் தூக்கிப் போட்டுப் புதிதாக வையுங்கள். பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டரை எடுத்துவிடாதீர்கள், பாக்டீரியா அதில்தான் இருக்கிறது.

பதில் (நெல்லிக்குப்பம்):
பழுப்பு என்றதும் எனக்குப் போர் தண்ணீர் மேல்தான் சந்தேகம். வெறும் பக்கெட்டில் பிடித்து, காற்றுக் கல் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மஞ்சளாகிக் கீழே துரு மாதிரி படிந்தால் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு முறையும் முந்தின நாளே பிடித்துக் காற்றோட்டி, தெளிந்த மேல்தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள்.