பொருள்: ‘ஆப்டிகன்’ தமிழில் என்ன? வியாழனுக்குள் வேண்டும்

இயற்பியல் ஆசிரியை, நரிமேடு:
மடற்குழுவினருக்கு வணக்கம். மதுரை திலகர் திடல் ஞாயிற்றுச் சந்தையில், பழைய மிக்ஸிகளுக்கும் தையல் இயந்திரங்களுக்கும் நடுவே ஓர் ஆர்கன் கிடந்தது. அமெரிக்காவிலிருந்து திரும்பிய யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும். உள்ளே பன்னிரண்டு அங்குலத்தில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தட்டு. இசைத்தட்டு என்று நினைத்தேன். ஊசி ஓடும் பள்ளமே இல்லை. பார்பி பொம்மை செய்த மேட்டல் நிறுவனம் 1971-இல் வீடுகளுக்கென்று விற்ற ஆப்டிகன் இது. தட்டில் 57 வளையங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் ஒலி அலைகோடாக அச்சாகியிருக்கிறது. ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் ஒளியுணரி. 110 வோல்ட் கருவி. மின்மாற்றி வைத்து ஓட்டிவிட்டேன். பள்ளிக் கண்காட்சிக்கான விளக்க அட்டை வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ஆப்டிகல் ஆர்கன்’ என்பதன் சுருக்கம்தான் பெயர்; மாணவன் ஒருவன் அதை ‘ஒளியுறுப்பு’ என்று எழுதி வந்தான். அது கண் அல்லவா?

தமிழாசிரியர் (ஓய்வு), திருமங்கலம்:
ஒளியாழ். இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பாளர், அண்ணா நகர்:
ஐயா, ஒளி + யாழ் என்று நீங்கள் சேர்த்தீர்கள். படிப்பவர் ஒளி + ஆழ் என்று பிரித்தால் உடம்படுமெய் வந்து அதே சொல்தான். விளக்கு மூழ்கிப்போகும்.

நாடக ஆர்மோனியக் கலைஞர், ஒத்தக்கடை:
வாத்தியாரையா கோபிக்கக் கூடாது. யாழ் நரம்புக்கருவி. இதில் நரம்பு எங்கே? தோலும் இல்லை, துளையும் இல்லை. மேடையில் நாங்கள் ஆர்மோனியத்தைப் ‘பெட்டி’ என்போம், வாசிப்பவர் பெட்டிக்காரர். வானொலியில் 1940 முதல் 1971 வரை எங்கள் பெட்டியை விலக்கியே வைத்திருந்தார்கள். அந்தத் தடை தளர்ந்த ஆண்டில்தான் இதுவும் பிறந்திருக்கிறது! அம்மா, ஓர் ஐயம்: தட்டின் வேகத்தைக் கூட்டினால் கட்டையும் ஏறுமா?

இயற்பியல் ஆசிரியை:
ஏறுகிறது ஐயா. தாளம் விரைந்தால் சுருதியும் கூடவே ஓடுகிறது. இடது கைப் பொத்தான்களில் ‘கார்டு’ (chord) என்று வருகிறதே, பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது, அதற்கும் ஒரு சொல் தாருங்கள். வடிவியல் பாடநூலில் ‘நாண்’ என்று இருக்கிறது, இங்கே பொருந்தாது.

தமிழாசிரியர் (ஓய்வு):
சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையில் ‘இணை கிளை பகை நட்பு’ என்று இருக்கிறது. உரைப்படி ஐந்தாம் நரம்பு (சுரம்) கிளை, நான்காம் நரம்பு நட்பு. ஆகவே ‘கிளைக்கூட்டு’.

மொழிபெயர்ப்பாளர்:
அதே உரை மூன்றாம் நரம்பைப் பகை என்கிறது. கார்டில் ஒன்று, மூன்று, ஐந்து சேர்ந்துதான் ஒலிக்கின்றன. பகையை உள்ளே வைத்துக்கொண்டு கிளை என்பதா?

தமிழாசிரியர் (ஓய்வு):
பகைவரும் ஒரே பந்தியில் உண்ட குடும்பங்கள் உண்டு.

(இதன்பின் ‘பந்தி’யின் வேர் வடமொழியா என்று பதினோரு மடல்கள். தாண்டிவிடலாம்.)

திரையரங்கு ஆப்பரேட்டர் (ஓய்வு), செல்லூர்:
முப்பது வருடம் புரொஜெக்டர் ஓட்டியவன் சொல்கிறேன். பிலிம் ஓரத்தில் நெளிநெளியாகக் கோடு ஓடும், அதுதான் ஒலித்தடம். எக்ஸைட்டர் விளக்கின் ஒளி அதன் வழியே போய் ஒளியுணரிச் செல்லில் விழும், வசனம் கேட்கும். அம்மா வாங்கியது அந்தக் கோட்டை வட்டமாக வளைத்த சாமான்தான். ‘ஒளித்தட்டுப் பெட்டி’ என்று எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
ஒளித்தட்டு என்றால் பிள்ளைகள் சிடி என்று நினைப்பார்கள். ‘ஒளிப்பெட்டி’ என்றால் எக்ஸ்ரே படத்தை மாட்டிப் பார்ப்பது. ‘ஒளியிசைப் பெட்டி’ ஆகுமா?

திரையரங்கு ஆப்பரேட்டர்:
ஆகும்.

நாடக ஆர்மோனியக் கலைஞர்:
பெட்டி இருக்கிறது. போதும்.

தமிழாசிரியர் (ஓய்வு):
பெட்டி என்பது மிட்டாய்க்கும் உரியது. யாழைத் தொலைத்ததுபோல் அதன் பெயரையும் தொலைப்போம். மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

இயற்பியல் ஆசிரியை (வியாழன், இரவு 9 மணி):
அட்டை வந்துவிட்டது. ‘ஆப்டிகன்’ பெரிய எழுத்தில், ‘ஒளியிசை பெட்டி’ கீழே. கார்டைக் கார்டு என்றே விட்டுவிட்டேன்.

தமிழாசிரியர் (ஓய்வு):
‘ப்’ எங்கே?