தமிழில் அறிவியல் தளங்கள் வேண்டும்

வணக்கம். ஆத்தங்குடிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு மடிக்கணினிதான், நெட்டும் வந்து வந்து போகும்.

கதைக்கு ஸ்டோரிவீவர் என்ற இலவசக் கதைத் தளம் இருக்கிறது. தமிழ்க் கதைகளை இறக்கி வைத்துக்கொள்ளலாம், கவலையில்லை. அறிவியலுக்கு கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற கணினிச் செயல்விளக்கங்களைக் காட்டுகிறேன். இறக்கிவிட்டால் நெட் இல்லாமலே ஓடும். ஆனால் பல என் பிள்ளைகளின் வயதுக்குக் கொஞ்சம் கனம்.

போன வாரம், ஆத்தங்குடி டைல்ஸ் செய்பவர் ஒருவரின் மகள் கேட்டாள்: “டீச்சர், எங்க அப்பா டைல்ஸைச் சூளையில வைக்காமலே எப்படிக் கெட்டியாகுது?” கண்ணாடி மேல் வார்ப்பதால் பளபளப்பு வருகிறது என்று சொல்லிவிட்டேன். ஆனால் அது கெட்டியாவதற்குக் காரணம் வேறு: சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகுவது. அதை எப்படிக் காட்டுவது? (அவள் அப்பாவையே வகுப்புக்குக் கூப்பிடலாம் என்றும் ஒரு யோசனை.)

இப்படிப்பட்ட கேள்விகளுக்குத் தமிழில் படமோ காணொளியோ உள்ள தளம் தெரிந்தால் சொல்லுங்கள். பதிவு செய்யக் கைபேசி எண் கேட்கும் தளங்கள் மட்டும் வேண்டாம்.